எல்லாரும் இறங்குங்க

“எல்லாரும் இறங்குங்க. வண்டியில ஆள் இருந்தா எனக்கு வேலை ஓடாது.”

கார் எலக்ட்ரீஷியன் வைத்த சட்டம் அது. வாடிக்கையாக வரும், உடம்புக்கு முடியாத அக்காவுக்கும் விலக்கு இல்லை. பின் சீட்டில் படுத்து வருபவளை அவள் கணவர் கைத்தாங்கலாக இறக்கி, கடை ஸ்டூலில் உட்கார வைப்பார். இவன் புது ஃபியூஸ் போட்டு ஊரைச் சுற்றி வருவான். வண்டி குதிரையாய் ஓடும். அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் ஃபியூஸ் எரிந்து, வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். மாற்றாத ஒயர் இல்லை, திட்டாத கம்பெனி இல்லை.

இன்று கணவர் மட்டும் வந்தார்.

“மறுபடியும் போச்சாண்ணே?”

“இல்ல தம்பி, ஒரு வாரமா போகவே இல்ல. வண்டியை விக்கப் போறேன். வாங்குறவங்க அவஸ்தைப்படக் கூடாது, ஒரு தடவை பார்த்துடு.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. “நான் சொல்லல? இது யாரு கைன்னு நினைச்சீங்க!”

இன்ஜினை ஓடவிட்டு, உள்விளக்கைப் பார்க்கப் பின் சீட்டில் முழங்காலை ஊன்றினான். வண்டி விக்கி நின்றது.

சீட்டைத் தூக்கினான். பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயர் தோலுரிந்து கிடந்தது. மேலே ஆள் பாரம் அழுத்தினால்தான் அது தகரத்தைத் தொட்டு ஃபியூஸை எரிக்கும்.

“அட, பின்னாடி ஆள் இருந்தாத்தான் போகுது! அப்ப ஒரு வாரமா எப்படிண்ணே போகாம...”

அக்கா உட்காரும் ஸ்டூலைப் பார்த்தான்.

“போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பாதி வழியில போச்சு. நீ சொல்ற மாதிரியே அவளை இறக்கி, ஓரமா உட்கார வெச்சுட்டுத்தான் ஃபியூஸ் மாத்தினேன்” என்றார் அவர். “மறுபடி ஏத்துறதுக்குத்தான் வேலையில்லாமப் போச்சு.”