ஏழாம் நம்பர் பாட்டில்

"இந்த பாட்டிலைக் கழட்டினீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கக்கா."

தாரிணி சொட்டு மருந்து பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஏழாம் நம்பர். மிச்சமிருந்த மருந்தில் ஒரு கறுப்புத் துகள் மிதந்தது. தேயிலைத் தூள். குந்தா பக்கத்து எஸ்டேட்டில் அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் யாரும் வர வேண்டியதில்லை.

"கழட்டலீங்க அம்மிணி. மூடியத்தான் தெறந்தனுங்க" என்றாள் மருதாம்பாள், ஸ்வெட்டர் நுனியைத் திருகிக்கொண்டே.

"முனையைப் பிடுங்காம உள்ளே தூள் எப்படிப் போகும்?"



தாரிணிக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம். கோவை கண் மருத்துவமனை ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு வேலை. கண் உலர்ந்துபோகும் நோய்க்குப் புது மருந்து. அதைச் சோதித்துப் பார்க்க இந்த டீ ஃபேக்டரியில் ஆறு பேரைச் சேர்த்திருந்தார்கள். தேயிலையைக் காய வைக்கும் டிரையர் சூட்டிலும் தூசியிலும் நின்று நின்று, கண்ணில் மணல் விழுந்ததுபோல் தவிப்பவர்கள். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு அதே மாதிரி பாட்டிலில் வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது தாரிணிக்கே தெரியாது. நம்பர் மட்டும்தான்.

பாட்டிலில் கைவைத்தால் பேரைச் சோதனையிலிருந்து அடித்துவிடுவார்கள். மருந்து அன்றோடு நின்றுவிடும்.

மருதாம்பாளுக்கு அது சின்ன விஷயமில்லை. இருபது வருஷமாகத் தூள் கலக்கும் பிரிவில் வேலை. கண் எரிச்சலில் இரண்டு தடவை மெஷினில் கை போகப் பார்த்தது. இன்னொரு தடவை நடந்தால் வீட்டோடு இருக்கவேண்டியதுதான் என்று ஃபேக்டரி ஆபீசர் சொல்லிவிட்டார்.

போன் அடித்தது. சோதனையைத் தணிக்கை செய்யும் கீர்த்திவாசன். "எமரால்டு ஊரைத் தாண்டிட்டேன். ஒரே பனிமூட்டம். இருந்தாலும் அரை மணியில வந்துடுவேன். பாட்டில் எல்லாம் ரெடியா இருக்கட்டும்."

தாரிணி போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் வர்றதுக்குள்ள சொல்லிடுங்க. நான் ஏதாவது பேசிப் பார்க்கறேன். போன மாசம் உங்க கண்ணுல காகிதம் வச்சு அளந்தப்ப கண்ணீர்ல பதிமூணு மில்லிமீட்டர் நனைஞ்சுது. எவ்வளவு சந்தோஷப்பட்டீங்க! இன்னிக்கு எட்டுதான். ஏன் குறைஞ்சுது?"

"குளுருங்க."

"குளிர் போன மாசமும் இருந்துது. கொட்டிட்டு தண்ணி ஊத்துனீங்களா? இல்ல, வித்துட்டீங்களா?"

மருதாம்பாள் வெடுக்கென்று நிமிர்ந்து, மறுபடி குனிந்துகொண்டாள்.

"மடியில கனமில்லைன்னா வழியில பயம் எதுக்குங்கக்கா?"

"எம் பேர அடிச்சிருங்க அம்மிணி." மருதாம்பாள் பாட்டில் பெட்டியின்மேல் கையை வைத்தாள். "மத்த அஞ்சு பாட்டில மட்டும் பாக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அப்படியென்றால் மற்றவர்கள் பாட்டிலிலும் கைவைத்திருக்கிறாள்! தாரிணி மலையேறி வரும்போதெல்லாம் கொதிக்கக் கொதிக்க டீ கொண்டுவந்து கொடுத்த கை. 'பாவம், நல்ல பொம்பளை' என்று நம்பியதற்கு நன்றாக வேண்டும்.

பெட்டியை இழுத்துத் திறந்தாள். எட்டாம் நம்பரில் துகள். ஒன்பதில் துகள். பத்தில் இரண்டு. பதினொன்று, பன்னிரண்டிலும் அதே துகள்.

வெளியே ஜீப் வந்து நின்றது. அரை மணி அதற்குள் ஓடிவிட்டிருந்தது.

கீர்த்திவாசன் உள்ளே வந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. ஆறு பாட்டிலையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் கறுத்தது.

"யார் வேலை இது?"

மருதாம்பாள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். "நாந்தானுங்க."

"மத்தவங்க மருந்தைத் திருடினியா? இது கண்ணும்மா! அழுக்குப் போனா பார்வையே போயிடும், தெரியுமா?"

"வெந்நீல நல்லாக் கழுவின கிண்ணந்தானுங்க. டீ ருசி பாக்கற கிண்ணம்."

"கிண்ணமா? எதுக்குக் கிண்ணம்?"

அப்போது பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் ஜெஸிந்தா, ஆறு பேருக்கும் அன்று காலை கண்ணீர் அளந்த தாளோடு வந்தாள். கீர்த்திவாசன் அதை வாங்கி, போன மாதத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"போன மாசம் பதிமூணு, நாலு, பன்னெண்டு, மூணு, பதினாலு, நாலு." விரல் அடுத்த தாளுக்குத் தாவியது. "இந்த மாசம் எட்டு, எட்டு, எட்டு..." நிறுத்தினார். "ஆறு பேருக்கும் எட்டா? அதெப்படி?"

தாரிணி மருதாம்பாளைப் பார்த்தாள்.

"எனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் போன மாசமே கண்ணு தெளிஞ்சுருச்சுங்க. எங்கூட நிக்கற பிலோமிக்கும் மத்த ரெண்டு பேருக்கும் எரிச்சல் அப்படியே. ஒரே மெஷினுல நிக்கறவங்க கண்ணக் கசக்கறத எப்படிங்க பாத்துட்டே இருக்கறது?" மருதாம்பாள் முதல்முறையாக அவர்கள் முகத்தை நேராகப் பார்த்தாள். "அதான், உசந்த தூளையும் மட்டத் தூளையும் கலக்கற மாதிரி, இந்த மாசத்து ஆறு பாட்டிலையும் அந்தக் கிண்ணத்துல ஊத்திக் கலந்து, ஆளுக்குச் சமமா நெரப்பிக் குடுத்துட்டனுங்க."