வாபஸ்

"பச்சை, அவன் கையில ஒரு கவர் வெச்சிருக்கான் பாத்தியா? என்னையேதான் பாக்குறான்டா."

ராஜேந்திரன் பக்கத்திலிருந்த பச்சைமுத்துவின் காதில் கிசுகிசுத்தார். அடுகோடியில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது அந்தத் தடகளச் சங்கத்தின் ஆபீஸ். டைரக்டர் பதவி ஒன்று காலி. மனுவை வாபஸ் வாங்க மூன்று மணி வரை நேரம். இப்போது மணி இரண்டு ஐம்பத்தைந்து.

எதிர் பெஞ்சில் போட்டி வேட்பாளர் ஞானசேகரன். இவரைப் பார்ப்பதும் கவரைத் தடவுவதுமாக இருந்தார்.

"அதுல என்னடா இருக்கும்?"

பச்சைமுத்து தயங்கினார். "உங்க ஸ்கூல் ரெஜிஸ்டர் காப்பின்னு பேசிக்கிறாங்க அண்ணே."

1955இல், பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான நானூறு மீட்டரில் ராஜேந்திரன்தான் முதல். அன்று அவருடைய நிஜ வயது பதினெட்டு. அந்த மெடலைக் காட்டித்தான் சர்க்கார் ஃபாக்டரியில் வேலை வாங்கினார். இந்த வருஷம்தான் ரிட்டையர் ஆகியிருந்தார். போதாக்குறைக்கு, வயதைக் குறைத்து ஓடிய யாரும் போர்டில் உட்காரக் கூடாது என்று சங்கம் புதிதாக விதி போட்டிருந்தது.

அன்று இரண்டாவதாக வந்தவர் இந்த ஞானசேகரன். நாற்பத்து மூன்று வருஷ வயிற்றெரிச்சல் சும்மா விடுமா?

"டைரக்டர் ஆகணும்னு எத்தன வருஷ ஆசைடா!"

"ஆசை சரி. பென்ஷன் போச்சுன்னா அண்ணிக்கு என்ன பதில் சொல்லுவீங்க? வாபஸ் வாங்கிட்டா கவரைப் பிரிக்கவே மாட்டாங்க."

"நீயும் மனு போட்டிருக்கியே?"

"உங்க மனு தள்ளுபடியானா இருக்கட்டும்னு நீங்கதான டம்மியா போட வெச்சீங்க? பின்னாலயே நானும் வாங்கிடறேன்."

ஞானசேகரன் சட்டென்று எழுந்து, கவரோடு தேர்தல் அதிகாரியின் அறைக்குள் போனார்.

பச்சைமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு வாபஸ் கடிதத்தை எடுத்தார். எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. ராஜேந்திரன் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு உள்ளே ஓடினார்.

கன்னடக்கார அதிகாரி வாங்கி முத்திரை குத்தினார். "டைம் ஆய்த்து சார், மூணு மணி. ஏன் ரெண்டு பேருமே வாபஸ்?"

ராஜேந்திரன் திடுக்கிட்டு மேஜையைப் பார்த்தார். ஞானசேகரனின் கவரில் இருந்ததும் வாபஸ் கடிதம்தான்.

ஞானசேகரன் வெளிறிப் போயிருந்தார். "நீ எதுக்குடா வாங்கின? என் ரெஜிஸ்டர் காப்பிய நீ எடுத்துட்டேன்னு பச்சை சொன்னானே! அன்னைக்கி எனக்குப் பத்தொம்பது வயசுடா..."

இருவரும் ஒன்றாகத் திரும்பி வாசலைப் பார்த்தார்கள்.

போட்டியின்றித் தேர்வு என்று அதிகாரி எழுதிய பெயர் பச்சைமுத்து. அன்று அதே ஓட்டத்தில், நிஜமாகவே பதினைந்து வயதில் ஓடி, மூன்றாவதாக வந்தவர்.