மெல்லிய புத்தகம்

மத்தியான வெயில் விழும் இசைக்கடை ஜன்னலருகே, கிளாரினெட் பழகும் மாணவியின் கணவர் ஒரு தடித்த பயிற்சிப் புத்தகத்தை எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் தூக்கிப் பார்க்கிறார். விரித்தால் எறும்புப் புற்றைக் கலைத்ததுபோல் பக்கம் முழுக்க ஸ்வரக் குறிகள். கிளாரினெட்டை எந்தப் பக்கம் ஊதுவதென்றுகூடத் தெரியாத இந்த மனிதர், தன் அலுவலக ஆண்டுவிழாவில் மனைவியை மேடையேற்ற நாள் குறித்துவிட்டார். ஆசிரியை எடுத்து வைத்த மெல்லிய புத்தகத்தை விரல்நுனியால் தள்ளுகிறார். "இதுல பக்கத்துக்கு நாலு குறிதான் இருக்கு மேடம். குழந்தைங்க புக்கு." "அது நீள மூச்சுக்கான பயிற்சி சார்," என்று ஆசிரியை சிரிக்கிறாள். இவருக்குப் புத்தகம் எதற்கு, ஒரு செங்கல் போதுமே என்று அவள் மனசுக்குள் ஓடுகிறது. மாணவிமேலும் அவளுக்கு இளக்காரம்தான். ஆறு மாதமாக யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற பொம்மை. அந்தப் பொம்மை இப்போது மெல்லிய புத்தகத்தை விரித்து, உதட்டைக் குவித்து நிற்கிறது. கண்ணாடி மேசைமேல் அவள் விரல்கள், அங்கே இல்லாத கிளாரினெட்டின் துளைகளை மூடித் திறக்கின்றன. ஒரே மூச்சு, வரி முடியும்வரை அறுபடாமல் போகிறது. "பெரிசையே எடுத்துக்கலாம்ல?" என்கிறார் கணவர். மாணவி வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்கிறாள். "அதை நீங்க வச்சுக்குங்க. நான் இதை வாசிக்கிறேன்." "அப்ப விழாவுக்கு?" "வேற யாரையாவது பாருங்க." தன் இளக்காரத்தில் பாதியை இனி எங்கே வைப்பதென்று ஆசிரியைக்குத் தெரியவில்லை.