சிலுவை விழுந்த இடம்

என் கணவர் படகுத்துறையைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்.

பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் வந்த ஊர், துறையிலேயே நின்றுவிட்டது. திருமுழுக்குப் பெருநாளில் பாதிரியார் சிலுவையைக் கடலில் எறிவது அங்கேதான். இளைஞர்கள் குதித்துத் தேடுவதும் அங்கேதான்.

அவர்தான் எங்கள் ஊர்ப் பாதிரியார் ஜிரியஸ்; ஊருக்கு அவர் 'அபூனா', அதாவது எங்கள் தந்தை. எங்கள் சபையில் பாதிரியாருக்குக் கல்யாணம் உண்டு. அதனால் இந்த மனிதரோடு இத்தனை வருஷமாக மல்லுக்கட்டும் பாக்கியம் எனக்கு.

நக்லேயின் ஒலிவ எண்ணெய் ஆலையிலிருந்து வரும் பெரிய குழாய் கடலில் விழும் இடத்தில் போய் நின்றார். ஒலிவம் பிழியும் காலம். குழாய் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கடல் அங்கே காப்பி மண்டி நிறத்தில் கிடந்தது.

வேறு வழியில்லாமல் ஊரும் வந்து சேர்ந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நக்லேயும்தான்.

"அபூனா, எடம் மாறி வந்துட்டீங்க. துறை அங்க இருக்கு."

"நல்லா இருக்கிற தண்ணிய மந்திரிச்சு என்னய்யா ஆகப்போகுது, நக்லே? சீக்கு இங்கல்ல இருக்கு."

நக்லே கெட்டவன் இல்லை. கோயில் தர்மகர்த்தா. ஜெபத்தில் முதலில் கண் கலங்குவது அவன்தான். குழாயை மூடச் சொல்லி இவர் கேட்கும்போதெல்லாம், "இந்த சீசன் முடியட்டும், அபூனா" என்பான். கூடவே கோயிலுக்கு ஏதாவது கொடுத்துவிடுவான். கடைசியாகக் கொடுத்தது ஒரு மணி. கோடையில் கடலில் குளித்த என் சின்னவள் ரீமாவுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அவள் சொறிந்துகொண்டு அழும்போது அந்த மணியைக் கழற்றி அவன் தலையிலேயே போடலாமா என்று எனக்கு வரும்.

அன்று காலைப் பிரசங்கத்தில்கூட இவர் சொன்னார்: கடவுள் தண்ணீரைப் படைத்து, நல்லது என்று கண்டு, பார்த்துக்கொள்ளும்படி நம் கையில் கொடுத்தார், ஒருநாள் திரும்பக் கேட்பார். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நக்லே.

சிலுவையை ஒலிவக் கிளைகளால் கட்டித்தான் எறிவது வழக்கம். இந்த வருஷம் இலைக்கட்டு கொஞ்சம் தடிமன். நடுவே பித்தளை மட்டும் லேசாக மின்னியது.

எறிந்தார். தொப்பென்று விழுந்தது. இலைகள் பிரிந்து மிதந்தன. மற்றது உள்ளே போய்விட்டது.

நக்லேயின் மகன் தௌஃபிக், வருஷா வருஷம் சிலுவையை எடுத்து ஊரில் வீடு வீடாகக் கொண்டுபோகிறவன், சட்டையைக் கழற்றி நின்றிருந்தான். தண்ணீரைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பெண்கள் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தான். குதித்துவிட்டான்.

மேலே வந்தபோது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. மறுபடி மூழ்கினான். கரையேறி வாந்தி எடுத்தான்.

"அப்பா, கீழ தரையே இல்ல. கைய விட்டா சேறு போய்க்கிட்டே இருக்கு."

மற்ற பையன்கள் மெதுவாகச் சட்டைகளை மாட்டிக்கொண்டார்கள்.

மீன்காரி உம் ஹபீப், அதாவது ஹபீபின் அம்மா, முன்னால் வந்தாள். ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை.

"ஏன்டா நக்லே, ஆண்டவரோட சிலுவைய உன் சாக்கடையில போட்டுட்டு, வீட்டுக்குப் போய் உனக்குச் சோறு எறங்குமா?"

நக்லேயின் முகம் வெளுத்துவிட்டது. நடிப்பில்லை. அவனுக்குப் பயபக்தி நிஜம். குழாயைப் பார்த்தான். அது கூச்சமே இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. போனை எடுத்தான்.

"ஆலைய நிறுத்துங்க. கொழாய அடைங்க. சீசனாவது மண்ணாவது, அடைங்கடா."

குழாய் இருமியது, சொட்டியது, நின்றது.

பிறகு என் கணவரின் கழுத்தில் தொங்கிய பூசைப் பட்டையைத் தொட்டு எல்லோர் முன்னும் சத்தியம் செய்தான்: அடியில் மணல் தெரியும்வரை சேற்றை வாருவேன். சிலுவை கிடந்த இடத்தில் இனி ஒரு சொட்டு விழாது. கழிவுக்கு என் நிலத்திலேயே தொட்டி கட்டுவேன்.

இவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பாதிரியாரே அழுகிறார் என்று பெண்களும் அழுதார்கள். நானும் அழுதேன். என் சின்னவள் கோடையில் மறுபடி கடலுக்குப் போவாள் என்று நினைத்து நன்றாகவே அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் பசி என்றார். பருப்புக் கஞ்சிக்குப் பூண்டு நசுக்க வேண்டும். பித்தளை உரலைத் தேடினால், அது பரணில் மாவுச் சாக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: உப்பு எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாத மனிதர், காலையில் நான் பணியாரம் பொரிக்கும்போது அடுக்களையில் எதையோ குடைந்துகொண்டிருந்தார்.

உரலில் அந்தச் சின்னப் பித்தளை உலக்கை இல்லை.

அவருடைய கைக்குட்டை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பிரித்தேன். சிலுவை, சுத்தமாக, பளபளவென்று இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் மேசையில் உட்கார்ந்து ரொட்டியைக் கவனமாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. ஆயருக்குத் தெரிந்தால் அங்கியைக் கழற்றிக்கொண்டு அனுப்பிவிடுவார்.

கைக்குட்டையை முன்புபோலவே சுற்றினேன். உரலை மாவுச் சாக்குக்குப் பின்னால், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்.

நக்லேக்கு மணல் தெரியும்வரை, எங்கள் வீட்டில் பூண்டைப் பாட்டில் அடியால்தான் நசுக்க வேண்டும்.