ஆப்பிள் மரம் தெரியும் அறை

நார்வேயின் வடகோடித் தீவில் டோருனும் அவள் கணவன் ஐவிந்தும் நடத்திய சிறு விடுதிக்கு இரண்டு கோடைகளாக யாரும் வரவில்லை. மூடிவிடலாம் என்றிருந்தபோது, வலைத்தளங்களைச் சீர்செய்யும் வேலையிலிருந்த டோருனின் அண்ணன் மகள் ராக்னில்ட் வந்தாள்.

"நாம சொல்ல நினைக்கிறத யாரு படிப்பா அத்தை? சனங்க எதைத் தேடுறாங்களோ, அந்த வார்த்தையிலயே ஒரு பக்கம் எழுதணும்."

அந்த வட்டாரத்தில் அதிகம் தேடப்பட்டது, 'ஆப்பிள் மரம் தெரியும் அறை.'

"இந்தக் குளிர்ல உருளைக்கிழங்கே ஒழுங்கா வராது. பொய் சொல்லச் சொல்றியா?"

"போட்டுத்தான் பாப்போமே. யாராச்சும் கோச்சுக்கிட்டா எடுத்துடலாம்."

அந்த வாரமே பெர்கனிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். படகுத்துறையைப் பார்த்த அறையை டோருன் கொடுத்தாள். மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கத் தயாராகக் காபியோடு நின்றாள்.

"மாடி அறை அருமைங்க. ஜன்னலைத் திறந்து வச்சே தூங்கினோம்," என்றாள் அந்த மனைவி.

விடுதிக்கு மாடியே கிடையாது.

பிறகு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். டோருனும் ஐவிந்தும் அதே அறையில் படுத்துப் பார்த்தார்கள். கடல்தான் தெரிந்தது.

ஒருநாள் ஐவிந்த் வலைத்தளத்தில் தன் பெயரைப் பதிந்து அறை எடுத்தான். பையோடு வெளியே போய் வாசல் மணியை அடித்தான். டோருன் சிரிக்காமல் சாவியைக் கொடுத்தாள்.

காலையில் யாரோ படியிறங்கும் சத்தம் கேட்டது. ஐவிந்த் சமையலறைக்குள் வந்தான். தலைமுடியில் ஆப்பிள் மரத்தின் வெள்ளைப் பூவிதழ்கள் ஒட்டியிருந்தன.

"இன்னிக்கு நீ பதிஞ்சுக்கோ," என்றான். "கதவை நான் தொறக்கறேன்."

டோருன் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"கம்பளி எடுத்துக்கணுமா?"

"வேணாம். அங்க குளிரவே இல்ல."