பத்துக்குப் பத்து

"காது கேக்காத பொண்ண மெஷின் முன்னாடி நிக்க வெச்சு, நாளைக்கு கை மாட்டிக்கிச்சுன்னா நீயாடா வந்து பதில் சொல்லுவே?"

சூப்பர்வைசர் ராஜசேகர் எகிறினார். மெயின்டனன்ஸ் லோகேஷ் அசரவில்லை. சட்டைப்பையிலிருந்து கறுப்புப் பட்டை ஒன்றை எடுத்தான்.

"அதுக்குத்தான் சார் இது. ஆபத்துன்னு மெஷின் பஸ்ஸர் அடிச்சா கையில கிர்ருனு அதிரும். ஆறு மாசமா ரூம்ல குந்திகினு நானே செஞ்சது. ஒரே ஒரு டிரையல் குடுங்க சார்!"

பக்கத்தில் செந்தாமரை நின்றிருந்தாள். வடக்குப்பட்டுப் பெண். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இரண்டு வருடமாக பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாள். லைனுக்குப் போனால்தான் பர்மனென்ட்.

"சரி. மெஷின் ஓடாது, சும்மா நிக்கட்டும். பாபு பேனல் ரூம்லேர்ந்து அவன் இஷ்டத்துக்குப் பத்து தடவ பஸ்ஸர் அடிப்பான். எப்போன்னு எனக்கே தெரியாது. அடிச்ச உடனே மஞ்சக் கோட்டுக்குப் பின்னால வந்துடணும். ஒண்ணு தப்புனாலும் பேக்கிங்தான்!"

லோகேஷ் அதை செல்போனில் டைப் செய்து காட்டினான். செந்தாமரை படித்தாள். பட்டையைக் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றாள். எதிரே, தொப்பியைச் சரிசெய்தபடி ராஜசேகர்.

பஸ்ஸர் அலறியது. ராஜசேகர் புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தார். அவள் கோட்டுக்குப் பின்னால் நின்றாள்.

"ஒண்ணு."

அடுத்தது இருபது நிமிடம் கழித்து. அதற்கடுத்தது உடனே. டீ முடிந்த கையோடு ரெண்டு. பாபு விதவிதமாக அடித்துப் பார்த்தான். ராஜசேகர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். செந்தாமரை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

"பத்துக்குப் பத்து! காது கேக்கறவனுங்களே இவ்ளோ சீக்கிரம் வரமாட்டானுங்கடா! திங்கக்கிழமை மெஷின ஓட்டி ஒருக்கா பாத்துடலாம். இனிமே இவ என் லைன்தான்."

அவர் போனதும் லோகேஷ் துள்ளிக் குதித்தான். பேனல் ரூமிலிருந்து அவனுடைய ரூம்மேட் பாபு தலையைச் சொறிந்துகொண்டே வந்தான்.

"மச்சி, பாஸாயிடுச்சுல்ல? இப்ப சொல்றேன், என்னை அடிக்கக் கூடாது. நேத்து நைட் உன் பட்டைய சார்ஜர்லேர்ந்து புடுங்கிட்டு என் செல்ல சொருகினேன். காலைல கம்பெனி பஸ்ஸு வந்துடுச்சா, அவசரத்துல சொல்லாம வந்துட்டேன்..."

லோகேஷ் பதறிப்போய்ப் பட்டையை அழுத்தினான். உயிரே இல்லை. வெறும் ரப்பர்!

'அப்புறம் எப்படி?' என்று செந்தாமரையிடம் கையை விரித்தான்.

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் டைப் செய்து நீட்டினாள்.

"பஸ்ஸர் அடிக்கும்போதெல்லாம் சார் புருவம் தொப்பிக்குள்ள போயிடுதுண்ணா. திங்கக்கிழமைக்கு மறக்காம சார்ஜ் போட்டு எடுத்துகினு வாங்க, தெனமும் அவரால என் எதிர்லயே நின்னுகினு இருக்க முடியாது!"