தனுஷ்கோடியின் கோல்ஃப் வண்டி

மனைவி காந்திமதிக்குத் தன்னை அடையாளம் தெரியாமல் போன ஏழாவது மாதம் தனுஷ்கோடி ஒரு காரியம் செய்தார். ஏதோ ரிசார்ட்டில் கழித்துப்போட்ட கோல்ஃப் வண்டியை வாங்கி, பேட்டரியையும் மோட்டாரையும் கழற்றிவிட்டு, தன் பழைய பைக்கின் இன்ஜினை அதில் ஏற்றச் சொன்னார். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே காப்பிக்குப் பால் வைத்தவள் அவள். இப்போது பைக்கில் உட்கார அவளுக்கு இடுப்பு நிற்காது. முகம்தான் மறந்தது, சத்தமுமா மறக்கும்?

"ரிவர்ஸ் கிடையாது அண்ணாச்சி" என்றான் மெக்கானிக் இஸ்ரவேல்.

"எனக்கு மட்டும் இருக்கா வே?"

வீட்டு முற்றத்தில் அவளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார். கிக்கரை உதைத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இன்ஜின் பழையபடியே படபடத்தது. காந்திமதி முகம் மலர்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அவுக வந்துட்டாவ!" என்றாள், வாசலைப் பார்த்து. பிறகு இவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க இறங்கிருங்க தம்பி. வேத்தாளு கூட உக்காந்திருந்தா அவுகளுக்குப் பிடிக்காது."

தன்மேல் தானே பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தனுஷ்கோடி இறங்கினார். இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் வந்தவர் போய்விடுவார். தெருவுக்குப் போய், நெஞ்சுயர வாசல் கதவைச் சாத்தி, தலையில் இல்லாத முடியைக் கோதிக்கொண்டு, அவள் காத்திருக்கும் ஆளாக உள்ளே வருவதற்காகத் திரும்பினார். கதவுக்கு மேலாக அவள் முகம் தெரிந்தது. அப்படியொரு சிரிப்பு. உள்ளே போனால் மறுபடியும் அந்தத் தம்பிதான். கதவுக் கொண்டியில் வைத்த கை திறக்க மாட்டேன் என்று நின்றது.